சங்கத்துக்குச் செயலாளராகப் போகிறவளுக்கு

கண்ணு,

உற்பத்தியாளர் சங்கத்துக்குச் செயலாளராகப் போகிறாய் என்று சொன்னதிலிருந்து அப்பா கோத்தகிரி பஜார் முழுக்க "இனி மந்திரிகளோடுதான் பேச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். மந்திரியைப் பார்ப்பது பெரிய வேலையே இல்லை, மனுவைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். உன் உறுப்பினர்கள்தான் பாடு. அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் போட்டிக்காரர்கள்.

பெரிய தோட்டக்காரர்களுக்கு உபாசி என்கிற தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம் இருக்கிறது, 1893-ல் தொடங்கியது, குன்னூரில்தான் தலைமையகம். சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கி ஓட்டும் எங்களைப் போன்ற பேக்டரிகளுக்குத் தனிச் சங்கம். ஒரு மழை சீசனில், கரட்டு இலை வந்தால் யாரும் எடுக்கக் கூடாது, தூள் தரம் போய் ஏலத்தில் விலை விழுகிறது என்று கமிட்டியில் எல்லோரும் கை தூக்கினோம். மறுநாள் காலை நம் கேட்டில் சாக்கைப் பிரித்துப் பார்த்தால் முற்றின இலை, காம்பு விரல் நீளத்துக்கு. திருப்பி அனுப்பினேன். அதே வேன் நேராகப் போய் இலை இறக்கியது யார் பேக்டரியில் தெரியுமா, முந்தின நாள் முதலில் கை தூக்கியவர் பேக்டரியில்! அவரையும் குறை சொல்ல முடியாது, இலை வராவிட்டால் மெஷின் சும்மா நிற்கும், கூலியும் கரண்ட் பில்லும் நிற்காது. கூட்டத்தில் தலையாட்டுகிறவர் காலையில் என்ன செய்வார் என்பதைத் தெரிந்துகொண்டு அப்புறம் தீர்மானம் எழுது.

எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் மனப்பாடமாக வைத்துக்கொள். ஏலத்தின் சராசரி விலையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பேக்டரிக்கு என்பது டீ போர்டு கணக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை வேண்டும், ஆக தூள் 100 ரூபாய்க்குப் போனால் இலைக்குக் கிலோ சுமார் 15 ரூபாய்தான் வரும். இதைச் சொல்லாமல் "எங்களுக்கு நஷ்டம்" என்று மட்டும் சொன்னால், பறிகூலியே கட்டவில்லை என்று ரோட்டில் உட்கார்ந்திருக்கும் விவசாயி முகத்தைப் பார்க்க முடியாது. நம் தாத்தாவும் இலை சுமந்தவர்தானே.

இன்னொன்று, கூட்டத்தில் "என்ன விலைக்கு விற்கலாம்" என்று எவராவது ஆரம்பித்தால், எவ்வளவு பெரிய முதலாளியானாலும் அங்கேயே நிறுத்திவிடு. கூடிப் பேசி விலை வைத்தார்கள் என்று 2012-ல் இந்தியப் போட்டி ஆணையம் சிமெண்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடிக்கு மேல் அபராதம் போட்டபோது அவர்கள் சங்கத்தையும் விடவில்லை. அப்பீல், கோர்ட் என்று போனது வேறு கதை. உனக்கு எதற்கு அந்த அலைச்சல்?

பெரிய கம்பெனிக்காரர்கள்தான் சந்தா அதிகம் கட்டுவார்கள், போனும் அவர்களே செய்வார்கள். பத்து ஆளை வைத்துப் பட்டறை நடத்துகிறவர் கடைசி வரிசையில் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். அவரை நீயே போனில் கூப்பிடு.

சரி, முதல் கமிட்டி எப்போது? முடிந்ததும் யார் யார் பேசினார்கள், யார் வாயே திறக்கவில்லை என்று எழுது.

அம்மா