தலைப்பில் ஊரின் பெயர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரையில் வெளிநாட்டுச் சுற்றுலாக்களை ஏற்பாடு செய்து தரும் சிறிய தொழிலில் இருக்கிறேன். எகிப்து, ஜோர்டான், துருக்கி என்று சொன்னதுமே, "அங்கே குண்டு வெடிக்குமே" என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாடுகளைப் பற்றிய செய்தி நம் வீடுகளுக்குள் வருவதே பெரும்பாலும் அங்கு யாராவது கொல்லப்பட்ட நாளில்தான்.

2017 நவம்பரில் எகிப்தின் வடக்கு சினாய் பகுதியில், பள்ளிவாசலுக்குத் தொழ வந்திருந்த 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்த இடத்திலிருந்து, சுற்றுலாப் பயணிகள் நாடிச் செல்லும் லக்சர் நகரக் கோயில்கள் இருக்கும் தொலைவு, மதுரையிலிருந்து சென்னை இருக்கும் தொலைவைவிட அதிகம். ஆனால், 'எகிப்தில் பயங்கரவாதத் தாக்குதல்' என்று மட்டும் தலைப்பிட்டால், படிப்பவர் மனத்தில் அந்தத் தொலைவும் பதிவதில்லை, மாண்டவர்கள் முஸ்லிம்கள் என்பதும் பதிவதில்லை.

ஆபத்தே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. 1997-ல் லக்சரில் 58 வெளிநாட்டுப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். 2015 ஜூனில் துனிசியாவின் சூஸ் கடற்கரையில் 38 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் 30 பேர் பிரிட்டானியர். துனிசியாவுக்குச் செல்ல வேண்டாம் என்று தன் மக்களுக்கு அறிவுறுத்திய பிரிட்டன் அரசு, 2 ஆண்டுகள் கழித்தே அதைத் தளர்த்தியது. 2015 நவம்பரில் பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டதை ஊடகங்கள் பாரிஸின் துயரமாகவே எழுதின. சூஸில் நடந்ததையோ, முஸ்லிம் நாடுகளின் இயல்பே அதுதான் என்று தோன்றும்படி எழுதின. இந்த வேறுபாடு நியாயமற்றது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

இதற்கான விலையைக் கொடுப்பவர்கள் தாக்கியவர்கள் அல்லர். 2002 அக்டோபரில் 202 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்புக்குப் பின் பயணிகள் வராமல் தவித்த பாலித் தீவு, இந்தோனேசியாவில் இருந்தாலும் இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் இடம். விடுதி ஊழியர், ஓட்டுநர், வழிகாட்டி என அன்றாட வருமானத்தை நம்பியிருப்பவர்களே முதலில் வேலை இழக்கிறார்கள். கொரோனா காலத்தில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வெறிச்சோடியதைக் கண்ட மதுரைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எனவே, தாக்குதல் நடந்த ஊரின் பெயரைத் தலைப்பிலேயே தருமாறும், சுற்றுலாத் தலங்களிலிருந்து அது எவ்வளவு தொலைவு என்பதைச் சிறு வரைபடத்தில் காட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஆறு மாதம் கழித்து அங்கு நிலைமை எப்படி இருக்கிறது என்பதையும், முதல் செய்திக்கு ஒதுக்கிய அதே பக்கத்தில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர்,
மதுரை.