நீலம் என்றால் தண்ணீர் என்றுதான் படிப்பார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் வரும் சென்னைக் குடிநீர் ஏரிகளின் நீர் இருப்பு வரைபடத்தை நான் தினமும் பார்க்கிறேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. அதில் இன்று எவ்வளவு இருக்கிறது, சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு இருந்தது என்று இரண்டு கோடுகளாகக் காட்டுகிறீர்கள். விரலை வைத்தால் அந்த நாளின் அளவும் தெரிகிறது. இதெல்லாம் நல்ல வேலை. ஆனால் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே நீல வண்ணம் நிரப்பியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் குடியிருப்பு சங்கக் கூட்டத்தில் லாரித் தண்ணீருக்கு முன்பணம் கட்டி வைக்கலாமா என்று பேச்சு வந்தது. ஒருவர் உங்கள் வரைபடத்தைப் போனில் திறந்து எல்லோருக்கும் காட்டி, "எவ்வளவு நீலம் இருக்கு பாருங்க, இந்த வருஷம் கவலையே இல்ல" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். உண்மையில் அப்போது மேலே இருந்தது சென்ற ஆண்டின் கோடு, கீழே இருந்தது இந்த ஆண்டின் கோடு. நடுவில் இருந்த நீலம் முழுக்கப் பற்றாக்குறை. அதாவது நீலம் அகலமாக ஆக, தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. இதைப் புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது, அதுவும் இரண்டு கோடுகளின் எண்களையும் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஏரி பற்றிய படத்தில் நீலத்தைப் பார்த்தால் யாரும் தண்ணீர் என்றுதான் நினைப்பார்கள். 2019 ஜூனில் இந்த ஏரிகள் வற்றிப்போய், அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் இது. இங்கே ஒரு படத்தைத் தப்பாகப் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பது சின்ன விஷயம் இல்லை.

நானும் பிழைப்புக்காக இணைய வரைபடங்கள் செய்கிறவன்தான். கோடுகளுக்கு நடுவே வண்ணம் பூசுவது வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எனக்கு மிகவும் பிடித்த உத்தி அது. இன்று நேற்று வந்ததும் இல்லை. 1786இல் வில்லியம் பிளேஃபேர் என்கிற ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலாந்து டென்மார்க்கோடும் நார்வேயோடும் செய்த வணிகத்தை, இறக்குமதிக்கு ஒரு கோடு ஏற்றுமதிக்கு ஒரு கோடு என்று வரைந்தார். 1750களில் அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. வெட்டுவதற்கு முன்னால் இருக்கும் இடைவெளி இங்கிலாந்துக்குப் பாதகம், அப்புறம் இருப்பது சாதகம். இரண்டையும் தனித்தனியாகக் காட்டி, அந்த இடைவெளிக்குள்ளேயே அது என்னவென்று எழுதியும் வைத்தார். கையால் செய்த படத்தில் இருந்த இந்தத் தெளிவு உங்கள் பக்கத்தில் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

சரி, என்ன செய்யலாம்? இந்த ஆண்டுக் கோடு மேலே இருந்தால் ஒரு நிறம், கீழே இருந்தால் வேறு நிறம். பச்சையும் சிவப்பும் வேண்டாம், அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். நீலமும் ஆரஞ்சும் போதும், உள்ளேயே "சென்ற ஆண்டைவிடக் குறைவு" என்று எழுதிவிடுங்கள். இது பெரிய வேலையும் இல்லை. இணைய வரைபடம் போட உதவும் சார்ட்.ஜேஎஸ் மாதிரியான நிரல் தொகுப்புகளில் ஒரு கோட்டுக்கு மேலே ஒரு வண்ணம், கீழே ஒரு வண்ணம் என்று கேட்டாலே கிடைக்கும். டி3 என்கிற இன்னொரு நிரல் தொகுப்பில் என்றால் இரண்டு பரப்புகளை வரைந்து வேண்டாத பகுதியை வெட்டி மறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வாரம் ஒரு முறை மட்டும் புள்ளி வைக்கும் வரைபடத்தில், ஒரு திங்களன்று இந்த ஆண்டு 3,000, சென்ற ஆண்டு 3,400 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த திங்களில் இந்த ஆண்டு 3,700 ஆகிறது, சென்ற ஆண்டு அதே 3,400. கோடுகள் வெட்டுவது நடுவில், வெள்ளிக்கிழமை. புள்ளிக்குப் புள்ளி நிறத்தை முடிவு செய்தால் அந்த வாரம் முழுக்க ஒரே நிறம் விழும், பாதிப் படம் பொய்யாகிவிடும். வெட்டும் இடத்தைக் கணக்குப் போட்டு அங்கேதான் நிறம் மாற வேண்டும். அப்புறம், அளவு பதிவாகாத நாட்களில் வண்ணத்தையும் நிறுத்திவிடுங்கள், இல்லாத தகவலுக்கு மேல் பாலம் கட்ட வேண்டாம். கீழே உள்ள பெயரைத் தொட்டு சென்ற ஆண்டுக் கோட்டை மறைத்துப் பார்த்தேன், கோடு போய்விட்டது, நீலம் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அதையும் சரி செய்யுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று, வண்ணத்தால் மட்டும் தீராதது. இரண்டு கோடுகளும் செங்குத்தாக ஏறும்போது நடுவில் உள்ள இடைவெளி நம் கண்ணுக்கு மெலிந்து தெரியும். நாம் பார்க்க வேண்டியது மேலிருந்து கீழாக உள்ள தூரம், கண் பார்ப்பதோ கோட்டுக்குக் கோடு மிகக் குறுகிய தூரம். கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984இல் இதே பிளேஃபேரின் இன்னொரு வரைபடத்தை, கிழக்கிந்திய வணிகத்தைக் காட்டுவதை, எடுத்து இதைச் சுட்டிக்காட்டினார்கள். நம் ஏரிகளுக்கு இது அப்படியே பொருந்தும். கோடுகள் மெதுவாக இறங்கும் ஜூலையில் 800 மில்லியன் கன அடி வித்தியாசம் அகலப் பட்டையாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு கோடும் ஏறும் நவம்பரில் அதே 800 ஒரு ரிப்பன் மாதிரி ஒடுங்கிவிடும். பார்க்கிறவர் சென்ற ஆண்டை எட்டிப் பிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். அச்சுப் பத்திரிகையில் இதற்கு வழி குறைவு, போனில் வழி இருக்கிறது. விரல் வைத்ததும் இப்போது இரண்டு அளவுகள்தான் வருகின்றன, மூன்றாவதாக வித்தியாசத்தையும் காட்டுங்கள், "800 குறைவு" என்று வார்த்தையோடு. முடிந்தால் அந்த வித்தியாசத்தை மட்டும் கீழே ஒரு சின்னத் தனிக் கோடாகவும் போடுங்கள். எங்கள் கூட்டத்தில் அது ஒன்று இருந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

அக்டோபர் மழை தொடங்குவதற்குள் இதை மாற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மூன்று மாதத்தில்தான்.

இப்படிக்கு,
தினமும் படிக்கும் வாசகர்,
கொளத்தூர், சென்னை