சிகாகோவுக்குப் போகிறவனுக்கு ஓவியம் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மகள் பிரசவத்துக்காக நீங்கள் இருவரும் சிகாகோ போகிறீர்கள் என்பதில் மிகுந்த சந்தோஷம். பிள்ளைப்பேற்று லேகியமும் சுக்கும் தங்கச்சி எடுத்து வைத்திருப்பாள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நீ கேட்ட மற்ற விஷயத்துக்கு வருகிறேன். "இன்றைய ஓவியர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. மியூசியத்துக்குப் போனால் யாரைப் பார்ப்பது, பார்த்துவிட்டு என்ன நினைப்பது?" என்று எழுதியிருக்கிறாய். இதற்கு ஊர் பெயர் தெரியாத இருபது பேரைப் பட்டியல் போட்டுத் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு பேர் போதும். அந்த இரண்டு பேரும் நீ போகிற ஊரிலேயே, ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்கிற மியூசியத்தில் இருக்கிறார்கள். 1893 செப்டம்பரில் விவேகானந்தர் பேசிய சர்வமத மாநாடு நடந்த அதே கட்டடம்தான். பின்னாளில் பக்கத்தில் மாடர்ன் விங் என்று ஒரு பகுதியைக் கட்டி 2009இல் திறந்தார்கள்.

போவதற்கு முன் அவர்களுடைய இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடி, இப்போது காட்சியில் இருக்கிறதா, எந்த அறை என்று பார்த்துவிடு. பெரிய மியூசியங்கள் கையிருப்பில் ஒரு சிறு பகுதியைத்தான் சுவரில் மாட்டும். இதைப் பார்க்காமல் போனால் ஒரு நாள் வீணாகும்.

முதல் ஆள் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல். 1955இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர், பல வருடங்களாகச் சிகாகோவாசி. அவர் படங்களில் மனிதர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பு. பழுப்பு நிறம் இல்லை, காப்பி நிறம் இல்லை, சுத்தமான கறுப்பு. 1980இல் முட்டைக்கரு டெம்பராவில் (நிறப்பொடியை முட்டைக்கருவில் குழைத்த பெயின்ட்), ஒரு நோட்டுத்தாள் அளவில், தன்னையே கறுப்புப் பின்னணியில் கறுப்பு ஆளாக வரைந்தார். கண்ணும் பல்லும் சட்டையின் வெள்ளையும்தான் முதலில் தெரியும். அங்கிருந்து அவர் அந்தக் கறுப்பை விடவே இல்லை.

போனில் இந்தப் படங்களைப் பார்த்தால் நிழலுருவம் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாக இருக்கும். போனைக் கண்டு ஏமாறாதே. கேமரா ஒரு படத்தின் சராசரி வெளிச்சத்தைப் பார்த்து அளவு வைக்கிறது. அடர்ந்த கறுப்புகளுக்குள் இருக்கிற சிறு வித்தியாசங்களை அது ஒன்றாக அமுக்கிவிடும், இல்லையென்றால் வெளிறவைக்கும். நேரில் அந்த முகத்தில் கன்னம் வேறு கறுப்பு, கழுத்து வேறு கறுப்பு, தலைமுடி இன்னொரு கறுப்பு. அவர் ஆரம்பிப்பது மூன்று கறுப்பிலிருந்து: ஐவரி, கார்பன், மார்ஸ். பிறகு இவற்றில் கோபால்ட் நீலம், குரோம் ஆக்சைடு பச்சை, டயாக்சசீன் வயலட் போன்றவற்றைக் கலந்து குளிர்ந்த கறுப்பும் (நீலம் தட்டுவது) சூடான கறுப்புமாக (பழுப்பு தட்டுவது) பெருக்கிக்கொள்கிறார். உருவத்தை உருட்டிக் காட்ட வெள்ளை சேர்த்து வெளுப்பாக்குவதில்லை. சூட்டையும் குளிர்ச்சியையும் மாற்றியே கன்னத்தை முன்னே கொண்டுவருகிறார். அதனால்தான் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் ஆள் உயிரோடு இருக்கிறான்.

இது நான் சொல்லி விளங்காது. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார், ஒரு சாயங்கால வேலை. கடையில் மூன்று கறுப்பு அக்ரிலிக் ட்யூப் வாங்கு. பெயரை நம்பாமல் ட்யூபின் மேல் இருக்கிற நிறமிக் குறியீட்டைப் பார்: ஐவரி பிளாக் என்பது பி.பி.கே. 9, கார்பன் என்பது பி.பி.கே. 7, மார்ஸ் என்பது பி.பி.கே. 11. ஐவரி என்று பெயர் இருந்தாலும் இன்று அது தந்தமில்லை, எலும்பைக் காற்றுப்படாமல் சுட்ட கரி. மார்ஸ் பிளாக் இரும்பு ஆக்சைடு. 300 ஜி.எஸ்.எம். கனத்த தாளில் 5 செ.மீ. கட்டங்கள் போட்டு, மேல் வரிசையில் மூன்றையும் தனியாகத் தடவு. அடுத்த வரிசையில் ஒரு பங்கு கறுப்புக்கு நான்கு பங்கு டைட்டானியம் வெள்ளை. ஈரமாக இருக்கும்போது முடிவு செய்யாதே. அக்ரிலிக் காயும்போது ஒரு படி அடர்த்தியாகும், அரை மணி நேரம் விடு. கார்பன் கலந்த சாம்பல் நீலம் தட்டும், மார்ஸ் கலந்தது லேசாகப் பழுப்பாகும். ஐவரிக்கு வலு குறைவு, வெள்ளையிடம் சீக்கிரம் தோற்கும். மூன்றாவது வரிசையில் கறுப்போடு மிகச் சிறிதளவு நீலம், பச்சை, வயலட் கலந்து பார். நிறம் அதிகமானால் அது கறுப்பே இல்லாமல் கருநீலமாகிவிடும். பத்துக்கு ஒன்றிலிருந்து தொடங்கு. கட்டங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் கத்தும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பார், ட்யூப்லைட்டில் வேண்டாம்.

இந்தத் தாளைக் கையில் செய்தவனின் கண்ணோடு 'மெனி மேன்ஷன்ஸ்' முன்னால் போய் நில். 1994இல் வரைந்தது, ஏறத்தாழ 3 மீட்டர் உயரம், அதைவிட அகலம். சிகாகோவில் 'கார்டன்ஸ்' என்று பெயர் வைத்த அரசுக் குடியிருப்புகள் பல இருந்தன. இந்தப் படத்தில் இருப்பது ஸ்டேட்வே கார்டன்ஸ், இன்று இடிக்கப்பட்டுவிட்டது. பெயரில் தோட்டம், நிஜத்தில் அடுக்குமாடியும் வறுமையும். மார்ஷல் என்ன செய்கிறார் பார்: வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்த மூன்று கறுப்பு இளைஞர்கள் உண்மையாகவே தோட்டம் போடுகிறார்கள். பூப்பாத்தி, நீலப் பறவைகள், செலோபேன் தாளில் சுற்றிய ஈஸ்டர் கூடைகள். மேலே சிவப்பு நாடாவில் "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்கிற பைபிள் வாக்கியம் மாறி நிற்கிறது, தந்தையின் வீடு தாயின் வீடாக. படத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பின்னால் கட்டடங்கள். அங்கங்கே பூ மாதிரி அப்பிய பெயின்ட் கறைகள், படத்தை அழகான போஸ்டராக முடிந்துவிடாமல் தடுக்கின்றன. அந்தக் கறைகள் எல்லாவற்றுக்கும் மேலே விழுந்தவையா, சிலது அடியில் போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடு.

நான் உனக்குச் சொல்ல விரும்புவது உண்மையில் இந்த ஒரு கேள்விதான். எந்தப் படத்தின் முன்னாலும் "இதில் எதை முதலில் போட்டிருப்பான், எது கடைசி?" என்று கேள். அர்த்தம் என்ன என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். வரிசையைக் கேட்டால் கண் வேலை செய்ய ஆரம்பிக்கும். ஓவியன் எங்கே தயங்கினான், எதை மறைத்தான், எதை மறைக்க மனமில்லாமல் விட்டான் என்பதெல்லாம் அந்த வரிசையில் இருக்கிறது. உன் சொந்த அபிப்பிராயமும் அங்கிருந்துதான் வரும்.

மார்ஷலைப் பார்த்தால் எனக்கு வருகிற எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் காலண்டரில் கண்ணன் நீலமாகிவிட்டான். கல்யாண ஆல்பத்தில் மாநிறப் பெண் சந்தன நிறத்தில் சிரிக்கிறாள், ஸ்டூடியோக்காரர் கேட்காமலே வெளுத்துக் கொடுக்கிறார். நம்மைப்போல் கறுத்த ஜனம் தன் நிறத்தைப் படத்தில் வைக்க இவ்வளவு கூசுகிறதே என்கிற கோபம் எனக்கு அந்தக் கறுப்பின் முன் வருகிறது. மார்ஷல் நம்மை நினைத்து வரையவில்லை, அமெரிக்க மியூசியச் சுவர்களில் கறுப்பர்கள் இல்லாததை நினைத்து வரைந்தார். ஆனாலும் அது வந்து தைக்கிறது. உனக்கு வேறு ஏதாவது தோன்றலாம், தோன்றாமலும் போகலாம்.

அதே ஊரில் அவருடைய இன்னொரு வேலையைக் காசில்லாமல் பார்க்கலாம். சிகாகோ கல்ச்சுரல் சென்டர் கட்டடத்தின் மேற்குப் பக்கச் சுவரில், கார்லண்ட் கோர்ட் என்கிற சந்தில், 2017இல் அவர் கொடுத்த மாதிரியை வைத்து வரைந்த மிகப் பெரிய சுவரோவியம் இருக்கிறது. சிகாகோவின் பண்பாட்டை வளர்த்த 20 பெண்களின் முகங்கள், மரத்தில் செதுக்கியதுபோல். தங்கச்சியையும் கூட்டிப்போ. ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து நடை தூரம்தான்.

விலை பற்றிக் கேட்டாய். சிகாகோவின் ஓர் அரசு அமைப்பு 25,000 டாலருக்கு வாங்கிய 'பாஸ்ட் டைம்ஸ்' என்ற அவர் படம் 2018இல் ஏலத்தில் 2 கோடியே 11 லட்சம் டாலருக்குப் போனது. அதே வருடம் நகர நூலகத்தில் இருந்த அவருடைய இன்னொரு படத்தையும் விற்க நகராட்சி கிளம்பியது. எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டார்கள். படத்தைப் பார்க்கும்போது இந்த எண்கள் ஞாபகத்தில் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஆள் கெர்ஹார்ட் ரிக்டர். 1932இல் டிரெஸ்டனில் பிறந்து, 1961இல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்கே வந்தவர். இவரை முதலில் 'உமன் டிசெண்டிங் தி ஸ்டேர்கேஸ்' படத்தில் பிடி. 1965. மினுக்கும் கவுன் போட்ட ஒரு பெண் படியிறங்குகிறாள். பத்திரிகைப் புகைப்படம் போலவே வரைந்துவிட்டு, பெயின்ட் காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் மென்மையாக இழுத்திருக்கிறார். ஓரங்கள் கலங்கிப் போட்டோ அசைந்ததுபோல் ஆகிறது. கடைசியாகச் செய்தது என்னவென்று கேட்டாயானால் பதில் கிடைத்துவிடும்: கலைத்தது.

அடுத்து 'ஐஸ்'. 1989இல் செய்த நான்கு பெரிய படங்கள், உருவமே கிடையாது. மெக்கானிஸம் எளிது. பூச்சு வேலையில் கொத்தனார் மட்டப்பலகை இழுப்பதைப் பார்த்திருக்கிறாய், அதேதான். ஆள் உயரத்துக்கு வருகிற நீண்ட தகடு, அதன் விளிம்பில் பெயின்ட்டை அப்பி, கேன்வாஸ் முழுக்க ஒரே இழுப்பாக இழுக்கிறார். அடியில் இருக்கிற படலம் அரைகுறையாகக் காய்ந்து பிசுபிசுப்பாக இருக்கும். அது புதுப் பெயின்ட்டை அங்கங்கே பிடித்துக்கொள்கிறது, அங்கங்கே தானும் பிய்ந்து வருகிறது. பிய்ந்த இடத்தில் இரண்டு மூன்று படலத்துக்கு முந்தைய நிறம் எட்டிப்பார்க்கும்.

இதையும் வீட்டில் செய்யலாம். ஜெஸ்ஸோ (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசிய பலகை, 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல். மஞ்சளைக் கெட்டியாகத் தடவி முழுக்கக் காயவிடு. அதன் மேல் சிவப்பைத் தடவி, மேலே தோல் கட்டி அடி ஈரமாக இருக்கும் நிலை வரைக்கும் விடு. நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் பத்து நிமிடத்தில் அந்த நிலைக்கு வந்துவிடும், மின்விசிறியை நிறுத்திவிடு. பிறகு ஸ்கேல் விளிம்பில் நீலத்தை நீளவாக்கில் பிழிந்து, பலகையோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் நிற்காமல் இழு. அழுத்தம் கூடினால் எல்லாம் வழித்துக்கொண்டு பலகை தெரியும். சிவப்பு ரொம்ப ஈரமாக இருந்தால் நீலத்தோடு கலந்து சேறாகும். நன்றாகக் காய்ந்திருந்தால் நீலம் வழுவழுப்பாக உட்கார்ந்துவிடும், ஒன்றுமே பிய்யாது. பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு கரை நிற்கும். 'ஐஸ்' படங்களில் இந்தக் கரைகளைத் தேடு, தகடு எங்கே நின்றது, எந்தத் திசையில் போனது என்று தெரியும். கையில் ஒரு தடவை செய்தவனுக்கு "இதை என் பேரனும் செய்வான்" என்ற வார்த்தை வராது. எந்த இழுப்போடு நிறுத்திக்கொள்வது என்கிற முடிவுதான் அங்கே கஷ்டமான வேலை.

மறைப்பதை அவர் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதற்கு 2014இல் வரைந்த 'பிர்கெனாவ்' படங்கள் நான்கு. பிர்கெனாவ் நாஜிகளின் வதைமுகாம். 1944 ஆகஸ்டில் அந்த முகாமில் கைதிகளே ஒளித்து எடுத்த நான்கு புகைப்படங்களை முதலில் கேன்வாஸில் வரைந்தார். பிறகு படலம் படலமாகப் பெயின்ட் இழுத்து, ஒன்றும் தெரியாதபடி மூடினார். கறுப்பு, சாம்பல், இடையிடையே சிவப்பும் பச்சையும். அடியில் இருப்பது தெரியாவிட்டால் இந்தப் படம் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை என்பதும் நிஜம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். ரிக்டரிடம் எனக்கு மதிப்பு அதிகம், மார்ஷலிடம் பிரியம் அதிகம்.

சில நடைமுறை விஷயங்கள். ஒரு நாளைக்கு நான்கு படத்துக்கு மேல் பார்க்காதே, கண் களைத்த பிறகு எல்லாம் வால்பேப்பர்தான். முதலில் படத்தின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நில், அப்புறம் கிட்டே போ, அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து பார். பளபளப்பான இடமும் மங்கிய இடமும் பக்கவாட்டில்தான் பிரியும், மார்ஷலுக்கு இது ரொம்ப முக்கியம். அரை மீட்டருக்குள் போனால் காவலர் கூப்பிடுவார். கேன்வாஸின் ஓரத் தடிப்பைப் பார், அடியில் போட்ட நிறங்கள் பல சமயம் அங்கே வழிந்து காய்ந்திருக்கும். பேனா எடுத்துப்போகாதே, பென்சில்தான் அனுமதிப்பார்கள். சுவரில் இருக்கிற குறிப்பைப் படிப்பதற்கு முன் மூன்று வரி எழுது: எங்கே கண் முதலில் போனது, எது கடைசியாகப் போட்டது, எந்த இடம் பிடிக்கவில்லை. "நன்றாக இருக்கிறது" என்று எழுதாதே, இடத்தைக் குறிப்பிடு. இடது மூலை, அந்தப் பச்சை, இப்படி.

ஊரில் இருக்கும்போதே ஒரு தடவை பழகிக்கொள்வது நல்லது. ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தில் மெட்ராஸ் இயக்க ஓவியங்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கரின் முன்னெடுப்பில் 1966இல் தொடங்கிய ஓவியர் கிராமம் அது. அங்கே போய் இதே மூன்று வரியை இரண்டு படத்துக்கு எழுதிப் பழகு. ஓவியர் ஆதிமூலத்தின் வண்ண ஓவியம் எங்கேனும் காணக்கிடைத்தால் விடாதே. காந்தியைக் கோடுகளால் வரைந்தவர் பின்னாளில் கோட்டையே விட்டுவிட்டுக் கெட்டியான வண்ணப் பரப்புகளுக்குப் போனார். அங்கேயும் வரிசைக் கேள்வியைக் கேள்.

மூன்று கறுப்புக் கட்டத் தாளை மடிக்காமல் பெட்டியில் வை, படத்தின் முன் கையில் பிடித்து ஒப்பிட உதவும். நோட்டில் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு. மகளுக்கு என் ஆசிகள். குழந்தை பிறந்ததும் நேரம் காலம் பார்க்காமல் போன் பண்ணு.

அன்புடன்,
மணி