ஐடிவி நாடகப் பிரிவுக்கு ஓர் ஆசிரியையின் திறந்த மடல்

பிரிட்டனின் தொலைக்காட்சி நிறுவனமான ஐடிவியில் எந்தக் கதை திரைக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு,

வணக்கம்.

நானும் என் கணவரும் இங்கிலாந்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அவர் அறிவியல், நான் கணக்கு. ஞாயிறு இரவு எங்கள் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமிருக்காது, அத்தனை நோட்டுகள் திருத்தக் கிடக்கும். போன மாதம் அந்த நோட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, 1985 ஜனவரியில் உங்கள் அலைவரிசையில் தொடங்கிய 'தி பைடர்பெக் அஃபேர்' தொடரின் ஆறு பாகங்களையும் பார்த்தோம். அதனால்தான் இந்த மடல்.

யார்க்ஷயர் டெலிவிஷன் தயாரித்து, ஆலன் பிளேட்டர் எழுதியது. கதை நடப்பது யார்க்ஷயரின் லீட்ஸ் நகரில். ட்ரெவர் சாப்ளின் மரவேலை வாத்தியார். ஜில் ஸ்வின்பர்ன் ஆங்கில டீச்சர். ஜேம்ஸ் போலமும் பார்பரா ஃப்ளின்னும் நடித்திருக்கிறார்கள். ட்ரெவருக்கு ஜாஸும் கால்பந்தும் இருந்தால் போதும். ஜில் மணமுறிவைக் கடந்து வந்தவர். ஊரைக் காப்பாற்ற உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறார்.

ஒரு நாள் ட்ரெவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் ஓர் அழகி. கையில் பொருள் பட்டியல். சிறுவர்களின் கால்பந்து அணிக்கு நிதி திரட்டுகிறாளாம். மனுஷன் பிக்ஸ் பைடர்பெக்கின் இசைத்தட்டுகளுக்குப் பணம் கட்டுகிறார். வந்து சேர்வதோ வேறு தட்டுகள். 28 வயதிலேயே, 1931இல் இறந்துபோன அந்த அமெரிக்க ஜாஸ் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) கலைஞர் மீது ட்ரெவருக்கு இருந்த பிரியம் சும்மா விடவில்லை. என் தட்டுகள் எங்கே என்று தேடப்போய், நகரத்தின் ஊழல் வரை போய் முட்டுகிறார்கள் ட்ரெவரும் ஜில்லும்.

ஆனால் எங்களைப் பிடித்து உட்காரவைத்தது அந்தத் துப்பறிதல் இல்லை. பள்ளி விட்டு இருவரும் வண்டியில் போகும்போது பேசுகிறார்களே, அந்தப் பேச்சுதான். களைப்பு, சின்னச் சண்டை, பாதியில் நின்றுபோகும் வாக்கியம், பின்னால் ஃபிராங்க் ரிக்கோட்டியின் இசையில் கென்னி பேக்கரின் கார்னெட். "இது நாமதானே" என்றார் என் கணவர். நான் டிவியை நிறுத்தி, அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டேன்.

திரையில் ஆசிரியர் என்றால் ஒன்று தியாகி, இல்லாவிட்டால் கொடுமைக்காரர். மணி அடித்த பிறகு அவருக்கும் ஒரு வீடு உண்டு, காதல் உண்டு, கிறுக்கு உண்டு என்று காட்டுபவர்கள் எத்தனை பேர்? பிளேட்டர் காட்டினார். அவர் கட்டடக்கலை படித்தவர். ஊரை இடித்து விற்பவர்கள் மேல் இந்தக் கதைக்கு இவ்வளவு கோபம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

காலத்தையும் பாருங்கள். யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஓடிக்கொண்டிருந்த குளிர்காலம் அது. தொடரில் பிக் ஆலும் லிட்டில் நார்மும் வேலை போன பிறகு தங்கள் வழியில் ஒரு வியாபாரம் நடத்துகிறார்கள். போலீஸ் அவர்களைத்தான் சந்தேகப்படுகிறது. யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை. ஆனாலும் அந்த வருடத்தின் வலி கதைக்குள் இருக்கிறது.

இதைத் திரும்ப எடுக்காதீர்கள். 1987இலும் 1988இலும் வந்த தொடர்ச்சிகளோடு அது நிறைவாகவே இருக்கிறது. மூன்றாவதில் அவர்களுக்கு ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. நான் கேட்பது புதிதாக ஒன்று. ஆசிரியர் அறையில் ஆறிப்போன தேநீர் குடித்த அனுபவமுள்ள ஓர் எழுத்தாளரைத் தேடுங்கள். ஆறு பாகம் கொடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் பிணம் விழவேண்டும் என்று கேட்காதீர்கள். இரண்டு பேர் காரில் உட்கார்ந்து பேசட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம், முடிந்தால் ஞாயிறு இரவிலேயே போடுங்கள். நோட்டுகளைச் சனிக்கிழமையே திருத்தி முடித்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஒரு கணக்கு டீச்சர்