வெப்பத்தைக் குறைத்தால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பூமியைக் குளிர்விக்க, வானில் நுண்துகள்களைத் தூவி வெயிலைத் திருப்பி அனுப்பலாம் என்ற யோசனையைப் பற்றி அடிக்கடி படிக்கிறேன். வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்தச் செய்திகளில் கடல் விடுபட்டுப்போவது கவலையளிக்கிறது.

நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகளை விடுவிக்கிறது. இவை கடலில் உள்ள கார்பனேட்டோடு சேர்ந்து பைகார்பனேட் ஆகிவிடுகின்றன. சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடும் கூடும் கட்ட வேண்டியது அந்தக் கார்பனேட்தான். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் பி.எச். (அமிலத்தன்மை கூடினால் இறங்கும் அளவு) இப்போது 8.1-ஐ ஒட்டி இருக்கிறது. இவ்வளவுதானா என்று மாணவர்கள் கேட்பார்கள். பி.எச். மடக்கை அளவு, அதாவது ஒன்று இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகும்; 0.1 இறங்கினாலே ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன என்று பொருள். கடல் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது, ஆனால் உயிர்களைப் பாதிக்க இந்த மாற்றமே போதும்.

அதிகம் அடிபடுவது ஓடு கட்டும் உயிர்களின் குஞ்சுகள்தான். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில், பொரிப்பகத் தொட்டிகளில் சிப்பிக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. முதலில் கிருமியைத்தான் சந்தேகித்தார்கள். ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. சிப்பிக் குஞ்சு பிறந்து இரண்டு நாளுக்குள் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அப்போது அதற்கு முட்டையில் கிடைத்த ஊட்டம்தான் கையிருப்பு. கார்பனேட் குறைந்த நீரில் அந்தக் கையிருப்பு ஓடு கட்டுவதிலேயே தீர்ந்துபோகிறது. வளர்ந்த சிப்பி தாங்கிக்கொள்ளும் நீரில் குஞ்சு பிழைப்பதில்லை. தொட்டி நீரில் சோடியம் கார்பனேட் கலந்து பொரிப்பகத்தை மீட்டார்கள். கடல் முழுவதற்கும் அப்படிக் கலக்க முடியுமா?

எல்லா உயிர்களுக்கும் ஒரேபோல் கேடு என்றும் சொல்லிவிட முடியாது. இத்தாலியின் இஸ்கியா தீவருகே கடலடியிலிருந்து இயற்கையாகவே கார்பன் டை ஆக்சைடு குமிழியிடும் இடங்களில் கடற்புல் செழித்திருக்கிறது. பவளமும் கடல் முள்ளெலியும் அருகிவிட்டன.

வெயிலை மறைத்தால் வெப்பம் தணியலாம். காற்றில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு அப்படியே இருக்கும், கடலும் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அத்தகைய திட்டங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த விவரத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை