நியூயார்க் பயண நேரத்தைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான விமானச் சேவை பற்றி எழுதும் நாளிதழ்கள் பெரும்பாலும் தொலைவுக்கு ஓர் எண், நேரத்துக்கு ஓர் எண் என்று கொடுத்துவிட்டு நின்றுவிடுகின்றன. அந்த எண்களை நம்பித்தான் முதியவர்கள் மருந்து வேளையைக் கணக்கிடுகிறார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் பசிபிக் பெருங்கடலைக் கடப்பதே நேர்வழி என்று தோன்றும். ஆனால் சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் நியூயார்க் 74 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் இருப்பதால், இரண்டுக்கும் இடைவெளி 178 பாகையாகிறது. ஆகவே மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே செல்கிறது. இங்கிருந்து துருவம் வரை சுமார் 89 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49 பாகை, பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது விளங்கிவிடும்.

விமானமோ எப்போதும் அந்த நூலின்மேல் பறப்பதில்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்று முதுகில் தள்ளும் என்பதற்காக, நியூயார்க் செல்லும் விமானிகள் பல நாள்களில் பசிபிக் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பறக்கும் தொலைவு 16,000 கிலோமீட்டரைத் தாண்டினாலும் நேரம் மிச்சமாகிறது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தப்பட்ட, நியூயார்க்கை அடுத்துள்ள நுவார்க் விமான நிலையத்துக்கான சேவை, இரட்டை எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ350 ரக விமானத்துடன் 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியபோது, முதல் பயணம் 17 மணி 52 நிமிடங்களில் முடிந்தது. அட்டவணையிலோ 18 மணி நேரத்துக்கும் மேல் ஒதுக்கப்பட்டிருந்தது. காற்றைப் பொறுத்து போகும் நேரமும் வரும் நேரமும் மாறும் என்பதை ஒரு வரியில் சொன்னாலே வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

கடிகாரமும் மக்களைக் குழப்புகிறது. கோடைக்காலத்தில் நியூயார்க் நம்மைவிட 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், இங்கு இரவு 11.30க்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பறக்கும் ஒருவர் அங்கே கோடையில் மறுநாள் காலை 6.10க்கு இறங்குவார். பயணச்சீட்டை மட்டும் பார்த்தால் ஏழு மணி நேரத்துக்கும் குறைவான பயணமாகத் தெரியும். நீரிழிவு நோயாளியான என் தாயாரை அழைத்துச் சென்றபோது, மாத்திரை வேளைகளைச் சிங்கப்பூர் நேரப்படியே ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டதால்தான் தவறு நேரவில்லை.

அதே பயணத்துக்குச் சீட்டு விற்ற முகவர் “நேரடி விமானம்” என்றுதான் சொன்னார். ஆனால் அது வழியில் ஐரோப்பாவில் இறங்கி, பயணிகளை இறக்கி ஏற்றிச் சென்றது. விமான எண் மாறாமலிருந்தால் நேரடி என்பதும், எங்கும் தரையிறங்காமல் சென்றால் இடைநில்லா என்பதும் இருவேறு பொருள் கொண்டவை என்பதை அன்றுதான் அறிந்தேன். முதியவருக்கு அந்தக் கூடுதல் மணி நேரங்கள் எளிதானவை அல்ல.

எனவே, தொலைதூர விமானச் சேவை பற்றிய செய்திகளில் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தி எழுதுமாறும், இருவழிப் பயண நேரங்களையும் உள்ளூர் நேர வேறுபாட்டையும் தனித்தனியே அச்சிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தோ பாயோ