இருமலை மறைக்கும் பயிற்சி வீரர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாகப் படையில் சேரும் இளைஞர்களிடம் காசநோய் தென்படுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேர்க்கையின்போது எடுக்கும் எக்ஸ்ரேயைக் கறாராகப் பார்த்தால் போதும் என்று முடித்திருந்தீர்கள். பயிற்சி முகாம் ஒன்றில் பல ஆண்டுகள் மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை.

எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நுரையீரலில் புண்ணாகிவிட்ட நோயை அது காட்டும். கிருமி உள்ளே போய் உறங்கிக்கொண்டிருந்தால் படம் சுத்தமாகத்தான் இருக்கும். உலக மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக வெளிப்படும். அதிலும் பெரும்பாலும் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். ஆக, தகுதிச் சான்று வாங்கி உள்ளே வந்த பையன் ஆறாம் மாதம் இருமத் தொடங்கினால், சேர்க்கையில் இருந்த டாக்டர் கோட்டை விட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். காசநோயின் அடையாளங்கள் என்னென்ன? விடாத இருமல், எடை குறைவது, அசதி, ராத்திரி வேர்வை. பயிற்சியின் அடையாளங்களும் கிட்டத்தட்ட அவையேதான்! இருமினால் மைதானத்துப் புழுதி, இளைத்தால் ஓட்டம், வேர்த்தால் எல்லாரும் ஒன்றாகப் படுக்கும் நெரிசலான பாரக்ஸ். இன்ஸ்ட்ரக்டருக்கும் சந்தேகம் வராது, பையனுக்கும் வராது.

வந்தாலும் சொல்ல மாட்டான். உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட்டில் பெயர் எழுதினால் வேலைக்கு டிமிக்கி கொடுப்பவன் என்று பெயர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான், பேட்ச் போய்விடுமே என்பதுதான் பெரிய பயம். கூடச் சேர்ந்தவர்கள் பயிற்சி முடித்துப் போக, இவன் அடுத்த பேட்சோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களோ என்ற கவலை வேறு. எங்கள் முகாமில் ஒரு பையன் இரண்டு மாதத்துக்கு மேல் இருமல் மருந்துப் பாட்டிலைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு சமாளித்தான். சளியில் ரத்தம் வந்த பிறகுதான் என்னிடம் வந்தான். அப்போதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சார், பரேடுக்குள்ள சரியாயிடுமா?" பின்னாளில் அவன் பக்கத்துக் கட்டில்காரர்களில் இருவருக்கு நோய் வந்தது.

காற்றில் பரவும் நோய் இது. 1960களின் நடுவில் அமெரிக்கக் கடற்படையின் ரிச்சர்ட் இ. பேர்ட் என்ற கப்பலில் ஒரே ஒரு மாலுமிக்கு நோய் பல மாதம் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தது. கப்பலில் இருந்த 300க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கிருமி தொற்றியது. அவனோடு ஒரே அறையில் படுத்தவர்களுக்கு மட்டுமல்ல, அந்த அறைக் காற்று குழாய் வழியே போய்ச் சேர்ந்த இன்னொரு அறையில் இருந்தவர்களுக்கும்தான். முகாம்களில் இன்றும் இருமுபவனின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிறார்கள். ராத்திரியானால் ஜன்னலை மூடிக்கொள்கிறார்கள். தட்டால் இது பரவுவதில்லை, மூடிய ஜன்னலால்தான் பரவுகிறது.

ஒல்லியான பையன்களைத் தனியாகக் கவனிக்கவும் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1971இல் வெளியானது. கிருமி தொற்றியிருந்தவர்களில், உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு பருமனானவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம் என்றது அது.

மருந்துக்குப் பஞ்சமில்லை. சாதாரண வகைக் காசநோய் ஆறு மாத மாத்திரையில் குணமாகும். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குப் பரப்பும் ஆபத்தும் வெகுவாகக் குறைந்துவிடும். சளியை வைத்து இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும் கருவி வந்தும் பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வாரம் தாண்டிய இருமலை, பையன் வாய்திறக்கக் காத்திராமல், இன்ஸ்ட்ரக்டரே மருத்துவ அறைக்கு அனுப்ப வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர்களையும் பரிசோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு, தொற்று நோயாக மாறாமல் தடுக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும். இதெல்லாம் எழுதி வைத்திருக்கும் விதிகள்தான். புதிதாக ஒன்றும் இல்லை.

உங்கள் நிருபர் அடுத்த முறை அதிகாரிகளைப் பார்க்கும்போது எக்ஸ்ரே எண்ணிக்கையை விட்டுவிட்டு இதைக் கேட்கட்டும்: இருமலைத் தானே வந்து சொன்ன பையன் குணமாகித் திரும்பும்போது, அவனுடைய சீனியாரிட்டி எந்தத் தேதியிலிருந்து கணக்காகும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர்